அம்மாவுக்கு எதுக்கு டீச்சர் எழுதணும்?

எட்டாம் தரத்துக்கு இலாப நட்டக் கணக்கு படிப்பிக்கும்போது பாடப்புத்தகத்தில் வரும் மாம்பழ வியாபாரியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, "உங்கள் வீட்டில் நடந்த ஒரு கொடுக்கல் வாங்கலை எழுதி வாருங்கள்" என்று சொல்வது என் வழக்கம். போன தவணையில் ஒரு பையன் கோழிக் கணக்கு கொண்டுவந்தான். 50 இறைச்சிக் கோழிக் குஞ்சு, 11,000 ரூபா. தீன் 7 மூட்டை, 39,200 ரூபா. கோழி விற்ற பணம் 63,920 ரூபா. இலாபம் 13,720 ரூபா. கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தான்.

"கூட்டைக் கழுவுவது யார்?" என்று கேட்டேன்.

"அம்மா, டீச்சர்."

"தீன் போடுறது?"

"காலையில அம்மா. அந்திக்கு அம்மாவும் நானும்."

"அம்மாவுக்கு எவ்வளவு எழுதியிருக்கிற?"

"அம்மாவுக்கு எதுக்கு டீச்சர் எழுதணும்? அது எங்க கோழிதானே?"

வகுப்பு சிரித்தது. நானும்தான் சிரித்தேன். பாடசாலை விட்டு லயத்துக்கு நடந்து வரும்போதுதான் அந்தப் பதில் உறுத்தத் தொடங்கியது. சம்பளத்துக்காகப் பிரட்டுக் களத்தில் கொடி பிடிக்கிற வீட்டுப் பிள்ளை அவன். கொழுந்து பறித்தால் அம்மாவுக்குக் கூலி உண்டு என்று அவனுக்குத் தெரியும். கோழி வளர்த்தால் கூலி இல்லை என்பதும் அவனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்ததுதான். வேறு யார், நாம்தான்.

தோழர்களே, இந்தக் கோழி விடயத்தை ஏன் சங்கப் பத்திரிகையில் எழுதுகிறேன் என்று சிலர் நினைக்கலாம். நம் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் கூடு கட்டி 30, 50, 100 என்று பிராய்லர் கோழி வளர்க்கும் வீடுகள் கூடிவிட்டன. நல்ல விடயம். நான் அதற்கு எதிரானவள் இல்லை. ஆனால் நட்டத்தில் கோழி விற்றுவிட்டு இலாபம் என்று சந்தோசப்படுகிற வீடுகளை அடுத்தடுத்துப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பையனின் வீட்டுக்குப் போனேன். அக்கா பில்களை எல்லாம் ஒரு பால்மா டின்னுக்குள் போட்டு வைத்திருந்தார். அதிலேயே பாதிப் பேரை விட அவர் கெட்டிக்காரர். இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போட்டோம்.

குஞ்சும் தீனும் சேர்ந்து 50,200 ரூபா. அது பையன் எழுதியது. எழுதாமல் விட்டவை இவை: மருந்து, விற்றமின், தடுப்பு மருந்துக்கு 1,800. கீழே பரப்பிய மரத்தூளுக்கு 1,500. குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கக் கரியும் கரண்டும் 2,400. குஞ்சு எடுக்கவும் தீன் ஏற்றவும் டவுனுக்குப் போய்வந்த த்ரீவீல் கூலி 3,000. எல்லாம் கூட்டினால் 58,900 ரூபா. கூட்டுக்குத் தகரம், வலைக்கம்பி, பலகை என்று ஏற்கெனவே 36,000 செலவாகியிருந்தது. அந்தக் கூடு நான்கு வருடம் நிற்கும், வருடத்துக்கு ஆறு முறை குஞ்சு விடலாம் என்று வைத்தால் ஒரு முறைக்கு 1,500 ரூபா விழும். ஆக 60,400.

50 குஞ்சில் 3 முதல் பத்து நாளுக்குள் செத்துப் போயின. மிச்சம் 47. ஆறு வாரத்தில் ஒன்று சராசரி 2 கிலோ. மொத்தம் 94 கிலோ உயிர் எடை. வியாபாரி கிலோவுக்கு 680 ரூபா கொடுத்தார். கையில் நின்றது 3,520 ரூபா. 13,720 எங்கே, 3,520 எங்கே?

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பரவாயில்ல டீச்சர், மகனுக்குச் சப்பாத்து வாங்குற காசு" என்றார்.

சரி. இனி நேரத்தைப் பார்ப்போம். விடியக் காலை அடுப்பு பற்ற வைக்கும் முன்னே எழுந்து தண்ணீர் மாற்றி, தீன் போட்டு, ஈரமான மரத்தூளை அள்ளி எறிவது. மத்தியானம் மலையிலிருந்து ஓடிவந்து ஒரு தரம் எட்டிப் பார்ப்பது. அந்திக்கு வந்து மறுபடி அதே வேலை. ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம் என்று அக்காவே சொன்னார். முதல் வாரம் இரவில் முழித்திருந்ததைச் சேர்க்கவில்லை. 42 நாளுக்கு 126 மணித்தியாலம். 3,520 ரூபாவை அதால் பிரித்தால் மணிக்கு 28 ரூபா. எட்டு மணித்தியால நாளுக்கு 223 ரூபா.

2024 செப்டெம்பரில் சம்பளச் சபை ஊடாக நாட்சம்பளம் 1,350 ஆனது. அதற்கு முன் 2021 இல் 1,000 ரூபா என்பதற்கே எத்தனை வருடம் பிரட்டுக்கும் றோட்டுக்கும் நடந்தோம் என்று இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. துரை வந்து நாளைக்கு 223 ரூபாதான் தருவேன் என்றால் அன்றைக்கே றோட்டை மறிப்போம். அரைப் பேர் போட்டாலே கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கு நிற்கிறோம். ஆனால் நம் கொப்பியில் நாமே நமக்கு அரைப் பேர்கூடப் போடுவதில்லை.

"சும்மா இருக்கிற நேரத்துக்கு என்ன கூலி?" என்று ஆண்கள் கேட்பார்கள். கேட்டும் இருக்கிறார்கள், கூட்டத்திலேயே. எந்தத் தோட்டத்தில் எந்தப் பெண் சும்மா இருக்கிறாள் என்று எனக்குக் காட்டுங்கள். அந்த மூன்று மணித்தியாலம் அவளுடைய தூக்கத்திலிருந்தும், பிள்ளையின் படிப்பிலிருந்தும் வெட்டி எடுத்தது. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் வந்தது 1984 இல்தான். அதுவரை பெண்ணுக்குக் குறைவாகக் கொடுத்ததற்குச் சொன்ன காரணங்களில் பாதியை இன்று நம் வீட்டுக்குள்ளே கேட்கிறேன்.

அந்தப் பையன் முதல் வாரம் வகுப்பில் தூங்கி விழுந்தான். காரணம் இப்போதுதான் புரிந்தது. குஞ்சுக்கு முதல் வாரம் 32, 33 பாகை சூடு வேண்டும். நம் நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் அது லேசில் வராது. கரண்ட் பில்லுக்குப் பயந்து கரி அடுப்பை வைத்து, காற்றுப் படக்கூடாதென்று காம்பராவுக்குள்ளேயே குஞ்சுப் பெட்டியை வைத்து, கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளும் அங்கேயே படுக்கிறார்கள். இதைக் கோபமாகவே சொல்கிறேன், செய்யாதீர்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் வரும் நச்சுக்காற்றுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். 220 ரூபாக் குஞ்சுக்காகப் பிள்ளையைப் பணயம் வைக்க வேண்டாம். பல்ப் போடுங்கள், செலவைக் கணக்கில் எழுதுங்கள், அந்தச் செலவை விலையில் கேளுங்கள். கேட்க முடியாத விலையென்றால் அந்த மாதம் குஞ்சு விடாதீர்கள்.

குளிருக்கு இன்னொரு செலவும் உண்டு. உயரமான இடத்தில், குளிரில், வேகமாக வளரும் பிராய்லருக்கு நெஞ்சு தாங்காமல் வயிற்றில் நீர் கோர்க்கும். ஐந்தாம், ஆறாம் வாரத்தில், தீனெல்லாம் தின்று முடித்த பிறகு சாகும். கீழ் நாட்டில் வளர்ப்பவர் சொல்கிற கணக்கை அப்படியே மேலே கொண்டுவந்தால் பிழைக்கும். மரத்தூள் ஈரமாக இருந்தால் இரத்தக் கழிச்சல். அரசாங்கக் கால்நடை வைத்தியர் அலுவலகம் இருக்கிறது, போய்க் கேளுங்கள். கடைக்காரர் தருகிற பொடியை எல்லாம் தண்ணீரில் கலக்காதீர்கள்.

இப்போது விலைக்கு வருவோம். வியாபாரி கொள்ளையடிக்கிறார் என்று எல்லோரும் சொல்கிறோம். கடையில் கோழி இறைச்சி கிலோ 1,150, நமக்குத் தருவது 680, மிச்சம் 470 அவர் பைக்குள் என்று. அது முழு உண்மை இல்லை. இரத்தம், இறகு, குடல், தலை, கால் போனால் 2 கிலோக் கோழியில் ஏறக்குறைய 1 கிலோ 440 கிராம்தான் இறைச்சி. 680 ரூபா உயிர் எடை விலை என்பது இறைச்சிக் கணக்கில் 944 ரூபா. ஆக வித்தியாசம் 206. அதிலிருந்துதான் அவர் வண்டி, ஐஸ், வெட்டுகிற ஆள் எல்லாம் பார்க்கிறார். துரைமார் நம்மிடம் பொய்க் கணக்குக் காட்டும்போது கோபப்படுகிற நாம், அடுத்தவனைப் பற்றிப் பொய்க் கணக்குப் போடக்கூடாது.

அவர் நம்மை மடக்குவது விலையில் அல்ல, நாளில். 42 நாளான 47 கோழி ஒரு நாளைக்கு 9 கிலோ தீன் தின்னும். 2,000 ரூபாவுக்கு மேல். எடையும் கூடும்தான், ஆனால் வாரம் போகப் போக ஒரு கிலோ எடைக்குத் தேவைப்படும் தீன் கூடிக்கொண்டே போகும், கூட்டில் இடமும் இராது, கடையில் தீனுக்குக் கடனும் இராது. "நாளைக்கு வாறேன்" என்று இரண்டு நாள் இழுத்தால் மூன்றாம் நாள் அவர் சொன்னதுதான் விலை. பறித்த கொழுந்தை வீட்டில் வைத்துக்கொண்டு விலை பேச முடியாது என்பது நமக்குத் தெரியும். கோழியும் அப்படித்தான். தராசிலும் அதே பழைய கதை. மலையில் சாக்குக்கும் தண்ணிக்கும் என்று கழிக்கிறார்கள், இங்கே இரைப்பைக்குக் கழிக்கிறார்கள். சொந்தத் தராசில் முதலில் நிறுத்து எழுதி வைக்காதவருக்கு இரண்டு இடத்திலும் பேச்சு இல்லை.

தீன் விலையை நாம் தீர்மானிக்க முடியாது. சோளமும் சோயாவும்தான் தீன். சோயாப் புண்ணாக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2021 இல் இரசாயனப் பசளையைத் தடைசெய்தபோது சோளம் விழுந்தது, 2022 இல் ரூபா விழுந்தது, தீன் விலை எங்கேயோ போனது. நம் தேயிலையை அடித்த அதே இரண்டு அடிதான் கோழிக் கூட்டையும் அடித்தது. அதனால் ஒவ்வொரு முறையும் புது விலையில் புதுக் கணக்குப் போட வேண்டும். போன தீபாவளிக் கணக்கை வைத்து இந்தத் தீபாவளிக்குக் குஞ்சு எடுக்கிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டு மலையேறுகிறார்.

நாள் பார்ப்பதும் அப்படியே. தீபாவளிக்கு எல்லோரும் கோழி விடுகிறார்கள். அன்றைக்கு விற்காமல் மிஞ்சியது அடுத்து வரும் கந்த சஷ்டி விரதத்தில் சிக்கும். அது முடிய ஐயப்பன் மாலை. பௌர்ணமிக்கு இறைச்சிக் கடை மூடும். செவ்வாய், வெள்ளி நம் சனம் கவுச்சி தொடாது. லயத்துக்குள் விற்பதென்றால் பத்தாம் திகதிச் சம்பளத்துக்குக் கடன். அந்த அக்காவின் முந்தைய முறைக் கடன் கொப்பியில் 9,000 ரூபா இன்னும் வராமல் கிடந்தது. சொந்தக்காரரிடம் எப்படிக் கேட்பது?

அப்படியானால் கோழி வளர்க்க வேண்டாமா? வளர்க்கலாம். அன்றிரவு அக்காவோடு இன்னொரு கணக்குப் போட்டேன். இது தாளில் போட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 100 கோழிக்கு வேலை ஆறு மணித்தியாலம் ஆகாது, நான்கு போதும். ஏழெட்டு வீடு சேர்ந்து ஒரே லொறியில் தீன் இறக்கினால் மூட்டை 5,600 இலிருந்து 5,400 க்கு வரும், த்ரீவீல் கூலியும் பிரியும். அப்படி 100 குஞ்சுக்குக் கைச்செலவு, கூட்டுத் தேய்மானம் எல்லாம் சேர்த்து 111,000 ரூபா. 188 கிலோ உயிர் எடையில் பாதியை வியாபாரிக்கு 680 க்கும், மற்றப் பாதியை முன்கூட்டியே பெயர் பதிந்த வீடுகளுக்கு உயிர் எடையில் 760 க்கும் கொடுத்தால் வரவு 135,360. மிச்சம் 24,360. இதோடு கோழிப் பசளை. அக்கா அதைப் பக்கத்து மரக்கறித் தோட்டக்காரருக்குச் சும்மா அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். லீக்ஸும் கரட்டும் போடுகிற நம் பகுதியில் அதற்குக் கிராக்கி. மூட்டை 300 என்றாலும் 12 மூட்டைக்கு 3,600. எல்லாம் சேர்த்து 27,960 ரூபா, 168 மணித்தியாலத்துக்கு. நாளுக்கு 1,331 ரூபா. எல்லாம் நன்றாக நடந்தால், ஒரு கோழியும் கூடுதலாகச் சாகாவிட்டால், கடன் ஒன்றும் தங்காவிட்டால், அந்த 1,350 ரூபா நாட்சம்பளத்துக்கு 19 ரூபா குறைவு.

அந்த 111,000 ஐ மாதம் 3 வீத வட்டிக்குக் கடனாக எடுத்தால், இரண்டு மாதத்தில் 6,660 அங்கே போய்விடும். வாராவாரம் வாசலில் வந்து நிற்கிற கடன்காரரை நம் பெண்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. குஞ்சும் தீனும் கொடுத்து, வளர்த்த கோழியைக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தங்களும் வருகின்றன. கைக்காசு தேவையில்லை என்பது உண்மை. ஆனால் செத்த கோழி யார் கணக்கில்? எடை குறைந்தால் எவ்வளவு வெட்டு? கூடு யாருடைய செலவு? கையெழுத்துப் போடுமுன் அந்தத் தாளைத் தோட்டத் தலைவரிடமோ என்னிடமோ காட்டுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் கட்டாயம் காட்டுங்கள்.

இறைச்சியாக்கி விற்றால் கூடுதல் காசு என்பது சரிதான். ஆனால் பீலிக்கரையில் வெட்டிக் கழுவி விற்பது நாளைக்கு லயத்துக்கே வயிற்றோட்டம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் பிரதேச சபையிடமும் முதலில் பேசுவோம். கூடு கட்டும் இடத்துக்கும் நிர்வாகத்திடமிருந்து எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். நம் பெயரில் ஒரு பேர்ச் காணி இல்லாதவரை, துரை மாறினால் கூடும் போகும். 36,000 ரூபாவை நான்கு வருடத்துக்குப் பிரித்து எழுதினோமே, அந்த நான்கு வருடத்துக்கு யார் உத்தரவாதம்? காணி உரிமைக் கோரிக்கையில் கோழிக் கூட்டுக்கும் பங்கு இருக்கிறது.

இதை எழுதியதற்குப் பெரிய காரணம் இன்னொன்று. சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் "வருமானம் போதாவிட்டால் சுயதொழில் செய்யலாமே, கோழி வளர்க்கலாமே" என்று ஒரு குரல் கேட்கும். நம் ஆட்களே சிலர் தலையாட்டுகிறார்கள். அந்தக் குரலுக்கு முன்னால் இந்தப் பில் டின்னை வைக்க விரும்புகிறேன். 50 கோழி நாட்சம்பளத்துக்குப் பதிலாகாது. ஒரு நாள் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கைத்தான் அது தந்தது. இன்னொன்றையும் பாருங்கள். தேயிலை மலையைத் துண்டு துண்டாகக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, நாட்சம்பளத்துக்குப் பதிலாகக் கொழுந்துக்குக் கிலோ விலை கொடுக்கும் முறையைக் கம்பனிகள் சில இடங்களில் நடத்துகின்றன. மாதம் இவ்வளவு கிடைத்தது, சம்பளத்தைவிட அதிகம் என்பார்கள். அந்தக் காசுக்குள் கணவன், மனைவி, பாடசாலை விட்டு வந்த பிள்ளை என்று எத்தனை பேரின் எத்தனை மணித்தியாலம் கரைந்திருக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. கோழிக் கூட்டில் அம்மாவின் கூலியை எழுதப் பழகாத வீடு, மலையில் அந்தக் கணக்கு வரும்போது என்ன கேள்வி கேட்கும்?

பையன் கொப்பியைத் திருத்திக் கொண்டுவந்தான். அம்மாவின் கூலி 126 மணித்தியாலம், 21,262 ரூபா 50 சதம். நட்டம் 17,742 ரூபா 50 சதம். "டீச்சர், என் கூலியையும் எழுதவா?" என்று கேட்டான். உன் வேலை படிப்பது, தீன் மூட்டை தூக்குவதில்லை என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

அக்கா இந்த முறை இன்னும் குஞ்சு எடுக்கவில்லை. அதற்கு முன்னே கோழி வேண்டியவர்களின் பெயரைப் பதிகிறார். மூன்று லயத்தில் 31 பெயர் சேர்ந்திருக்கிறது, ஒரு பெயருக்கு 300 ரூபா முற்பணம். தீனுக்குச் சேர நான்கு வீடு வந்திருக்கிறது, இன்னும் மூன்று வேண்டும். அடுத்த ஞாயிறு மாதர் அணிக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் தங்கள் பில்லையும் கடன் கொப்பியையும் கொண்டு வாருங்கள். தராசு ஒன்றும் கேட்டிருக்கிறோம். ஆண்களும் வரலாம், பின்னால் நிற்காமல் உட்கார்ந்தால் போதும்.